காது மந்தமா, இரைச்சலா? எண்ணெய் விடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காது சற்று அடைத்தாலே பூண்டைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விடுவது நம்மவர்களின் பழைய வழக்கம். தோட்டத்து லயன் வீடுகளில் வழங்கிய இந்தக் கைவைத்தியம் இன்று பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் அடுக்குமாடி வீடுகளிலும் தொடர்கிறது. சிலருக்குக் காது திறந்துகொள்கிறது. பலருக்கு எந்த மாற்றமும் இல்லை. காது மந்தத்திற்குக் காரணம் ஒன்றல்ல என்பதே இதற்கு விளக்கம்.

எண்ணெய் எதற்கு உதவும்?

காதில் குறும்பி இறுகி அடைத்திருந்தால் எண்ணெய் அதை இளக்கும். உடல் சூட்டில் உள்ள ஆலிவ் அல்லது பாதாம் எண்ணெயைச் சில நாள்களுக்கு 2, 3 சொட்டு விடுவதை மருத்துவர்களும் சொல்வதுண்டு. ஆனால் சீழ் வடிந்தாலோ, வலி இருந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ எதையும் ஊற்றக்கூடாது. சூடான எண்ணெய் காதைச் சுட்டுவிடும். வெங்காயச் சாறும் பூண்டுச் சாறும் உள்தோலை எரிக்கும். கோழி இறகு, கொண்டை ஊசி, பஞ்சுக் குச்சி ஆகியவை குறும்பியை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

எண்ணெய் எட்டாத இடம்

செவிப்பறைக்கு அப்பால், உட்காதில் உள்ள நுண்ணிய மயிரணுக்களே ஒலியை நரம்புக்குச் சேர்க்கின்றன. பேரிரைச்சலில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. செம்பனை ஆலையிலும் ரப்பர் தொழிற்சாலையிலும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களின் காது மந்தம் பெரும்பாலும் இந்த வகைதான். பேச்சு கேட்கும், ஆனால் சொல் தெளிவாக விளங்காது. எந்த எண்ணெயும் இதை மாற்றாது. காதுக் கருவி உதவும்.

மலேசியாவில் 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள இரைச்சல் விதிமுறைகளின்படி, 8 மணி நேர வேலை நாளுக்கான ஒலி வரம்பு 85 டெசிபல். அதைத் தாண்டும் இடத்தில் காதுக் கவசமும் செவித்திறன் பரிசோதனையும் தருவது முதலாளியின் கடமை. வேலை இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தில் தொழில்சார் நோயாக இடம்பெற்றுள்ளது. ஆகவே பரிசோதனை அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிட்டால் இழப்பீடு கோரும்போது காட்ட ஆதாரம் இருக்காது.

இரைச்சல் மட்டும் கேட்டால்

காதில் 'ங்ஙொய்' என்ற ஓசை தனி நோயல்ல, ஓர் அறிகுறி. செவித்திறன் குறைவு, குறும்பி, அளவு மீறிய ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகள் இதற்குக் காரணமாகலாம். இதை அடியோடு போக்கும் மூலிகை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஜின்கோ மாத்திரையும் அப்படியே. இரவின் அமைதியில்தான் ஓசை பெரிதாகத் தெரியும். காற்றாடி ஓசையோ மெல்லிய இசையோ பின்னணியில் இருந்தால் தூக்கம் வரும். நாடித் துடிப்போடு சேர்ந்து ஓசை கேட்டாலோ, ஒரு காதில் மட்டும் கேட்டாலோ மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நன்றாக இருந்த காது ஒரே நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ திடீரென மந்தமானால் அது அவசரம். சளி என்றும் குறும்பி என்றும் நினைத்துப் பலர் எண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு வாரத்தைக் கடத்திவிடுகிறார்கள். உட்காது பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு வாரமே முக்கியம். அதன் பிறகு கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. முகம் கோணினாலோ, கை கால் மரத்தாலோ நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மற்றவர்கள் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். அங்குள்ள மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார். குறும்பியா, வேறு கோளாறா என்பது பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கடிதம் தருவார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.