படப் பொத்தான்களின் கதை

இணையத் தளத்தில் சுட்டியை ஒரு பொத்தான் மேல் கொண்டு போனால் அது நிறம் மாறும். இன்று யாரும் இதைக் கவனிப்பது கூட இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இந்தச் சின்ன வித்தைக்குப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. படப் பொத்தான்களைப் பற்றி ஒரு வழக்கே நடந்திருக்கிறது!

எழுத்திலிருந்து படத்துக்கு

செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியபோது (1990-91) ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக எழுத்து இணைப்புகள்தான் இருந்தன. 1993ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா இருவரும் எழுதிய மொசைக் உலாவி, எழுத்துக்கு நடுவிலேயே படத்தையும் காட்டியது. படத்தையே இணைப்பாக்கலாம் என்றதும், பொத்தான் போல வரைந்த படங்கள் எல்லாப் பக்கங்களிலும் முளைத்தன.

அடுத்து இமேஜ் மேப் வந்தது. ஒரே பெரிய படம். அதில் எந்தப் புள்ளியில் சொடுக்குகிறார்களோ அதன் எண்கள் சர்வருக்குப் போகும், எந்தப் பக்கத்தைத் தருவது என்று சர்வர் முடிவு செய்யும். பிறகு இந்தக் கணக்கை உலாவியே போடும் முறை வந்து, 1997 ஜனவரியில் ஹெச்.டி.எம்.எல். 3.2ல் இடம்பெற்றது.

இரண்டு படம், ஒரு தந்திரம்

1995ல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். 1996 ஆகஸ்டில் வந்த நெட்ஸ்கேப் 3ல், பக்கத்தில் இருக்கும் படத்தை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் மாற்ற முடிந்தது. ரோல்ஓவர் பொத்தான் பிறந்தது இப்படித்தான்.

இதன் சூட்சுமம் எளிது. ஒரே அளவில் இரண்டு படங்கள், ஒன்று சாதாரண நிறம், மற்றொன்று பளிச். சுட்டி மேலே வந்ததும் முதல் படத்தின் இடத்தில் இரண்டாவதை வைக்க வேண்டும், விலகியதும் பழையதைத் திருப்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் வேகத்தில் இருந்தது. சுட்டி பட்ட பிறகுதான் இரண்டாவது படம் இறங்கத் தொடங்கும். அன்றைய 28.8 கிலோபிட் மோடத்தில் அது வந்து சேர்வதற்குள் சுட்டி வேறு எங்கோ போயிருக்கும். அதனால் எல்லாப் படங்களையும் முன்கூட்டியே இறக்கி வைத்தார்கள். எட்டு பொத்தான் என்றால் பதினாறு படம், பதினாறு முறை சர்வரிடம் கேட்க வேண்டும். பிறகு டிரீம்வீவர் (1997), ஃபயர்வொர்க்ஸ் (1998) போன்ற மென்பொருட்கள் நிரலைத் தாமே எழுதித் தந்ததால் யார் வேண்டுமானாலும் ரோல்ஓவர் செய்ய முடிந்தது.

பார்வையற்றவர் தொடுத்த வழக்கு

படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றோரின் பிரெய்ல் கருவியால் படிக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் 'ஆல்ட்' என்ற மாற்று வரியை எழுதினால்தான் அது என்ன பொத்தான் என்று தெரியும். 1997 டிசம்பரில் வந்த ஹெச்.டி.எம்.எல். 4.0 இதைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் பலர் எழுதவில்லை.

1999ல் ஆஸ்திரேலியாவில் புரூஸ் மாகுவயர் என்ற பார்வையற்றவர், சிட்னி ஒலிம்பிக் இணையத் தளத்தைத் தம்மால் பயன்படுத்த முடியவில்லை என்று மனித உரிமை ஆணையத்திடம் புகார் செய்தார். படங்களுக்கும் இமேஜ் மேப் இணைப்புகளுக்கும் மாற்று வரி இல்லை என்பது அதில் முக்கியமான குறை. திருத்த அதிகச் செலவாகும் என்று போட்டி அமைப்புக் குழு வாதாடியது. ஆணையம் அதை ஏற்கவில்லை. 2000 ஆகஸ்டில் மாகுவயருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உத்தரவு முழுமையாக நிறைவேற்றப்படாததால் பின்னர் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டது.

படம் போய் எழுத்து வந்தது

1998ல் வந்த சி.எஸ்.எஸ். 2, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே நிறம் மாற்ற வழி செய்தது. 2004ல் டேவ் ஷே 'சி.எஸ்.எஸ். ஸ்பிரைட்' முறையை விளக்கி எழுதினார். எல்லாப் பொத்தான்களின் எல்லா நிலைகளையும் ஒரே படத்தில் வைத்து, தேவையான பகுதியை மட்டும் நகர்த்திக் காட்டும் முறை அது. பதினாறு படம் ஒன்றாகச் சுருங்கியது. பிறகு வளைந்த மூலை, நிழல், நிறக் கலவை எல்லாவற்றையும் சி.எஸ்.எஸ்.ஸே வரைய ஆரம்பித்ததும் பொத்தானுக்குப் படமே தேவைப்படவில்லை. ஃபிளாஷில் செய்த பொத்தான்களும் 2020 இறுதியோடு முடிந்தன. தொடுதிரைக் கைபேசியிலோ, மேலே வந்து நிற்பதற்குச் சுட்டியே கிடையாது.

எழுத்தில் தொடங்கிய பொத்தான் முப்பது வருடம் சுற்றிவிட்டு எழுத்துக்கே திரும்பியிருக்கிறது. மாகுவயர் கேட்டதும் அதைத்தான்: ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுத்து. முதலிலேயே எழுதியிருந்தால் சில நிமிட வேலை. எழுதாமல் விட்டதற்கு ஆன செலவு 20,000 டாலர்.