அன்னா மே வாங்: திரையில் வாழ விடப்படாத நாயகி

அன்னா மே வாங் 1905 ஜனவரி 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சைனாடவுன் அருகே பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வாங் லியு சாங். தந்தை சலவைக்கடை நடத்தினார். அவரும் கலிஃபோர்னியாவில் பிறந்தவர்தான். ஆனால் 1882இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை நடப்பில் இருந்தது. அதனால் அமெரிக்காவிலேயே பிறந்த சீனரும் வெளிநாடு போகுமுன், திரும்பி வரும் உரிமை தமக்கு உண்டு என்று மனுப்போட்டு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. புகழின் உச்சியில் இருந்தபோதும் வாங் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறினார்.

அவருடைய சிறுவயதில் படப்பிடிப்புகள் பல தெருவிலேயே நடந்தன. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போய் நின்றுவிடுவார். 1919இல் 'தி ரெட் லாண்டர்ன்' படத்தில் விளக்கேந்தி வரும் பெண்கள் கூட்டத்தில் ஒருவராக முதன்முதலில் திரையில் தோன்றினார். 1921இல் படிப்பை விட்டார். மறு ஆண்டே, பதினேழு வயதில், 'தி டோல் ஆஃப் தி ஸீ' படத்தின் நாயகி. சிவப்பும் பச்சையும் மட்டும் பதியும் அன்றைய டெக்னிகலர் முறையில் எடுத்த படம் அது. கரையொதுங்கிய அமெரிக்கனைக் காப்பாற்றி மணக்கும் சீனப் பெண், அவன் வெள்ளைக்கார மனைவியோடு திரும்பி வந்ததும் தன் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலில் இறங்குகிறாள்.

இந்த முடிவு பிறகு அவரை விடாமல் தொடர்ந்தது. கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் ஆசியரும் மணந்துகொள்வதை 1948 வரை சட்டம் தடுத்தது. திரைத்துறையின் தணிக்கை விதிகள் கறுப்பர்–வெள்ளையர் உறவைத்தான் பெயர் சொல்லி விலக்கின; ஸ்டுடியோக்கள் அதை ஆசியருக்கும் பொருத்தின. நாயகர்கள் வெள்ளையர், சீன நாயகன் பாத்திரத்திலும் பெரும்பாலும் முகத்துக்குச் சாயம் பூசிய வெள்ளையரே நடித்தனர். ஆகவே வாங் நடித்த பெண் யாரைக் காதலித்தாலும் கதை அவளைக் கொன்றாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் சூழ்ச்சிக்காரியாக இருக்க வேண்டும். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1924) படத்தில் காட்டிக்கொடுக்கும் அடிமைப் பெண்ணாக வந்து உலகெங்கும் அறிமுகமான பின்னும் இந்த நிலை மாறவில்லை.

1928இல் ஐரோப்பா சென்றார். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஐக்பெர்க் இயக்கிய படங்கள், இங்கிலாந்தில் இ. ஏ. டூபாண்டின் 'பிக்கடிலி' (1929), லண்டன் மேடையில் லாரன்ஸ் ஒலிவியருடன் 'சுண்ணக்கட்டி வட்டம்' நாடகம் என வாய்ப்புகள் வந்தன. 'பிக்கடிலி'யில் உணவு விடுதியின் அடுக்களையில் பாத்திரம் கழுவும் பெண் நடனத் தாரகை ஆகிறாள். விளம்பரத்தில் முதல் பெயர் கில்டா கிரேக்கு. படம் பார்த்தவர் மனதில் நிற்பது வாங். அவருடைய முதல் பேசும்படம் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என மூன்று மொழிகளில் தனித்தனியே எடுக்கப்பட்டது. மூன்றிலும் அவரே பேசி நடித்தார். இத்தனை உழைப்புக்குப் பிறகும் ஐரோப்பியக் கதைகளிலும் அவர் பெரும்பாலும் இறந்தே போனார்.

நாடு திரும்பி பாராமவுண்டுக்காக 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' (1931) படத்தில் நடித்தபோது அவருக்குக் கிடைத்த சம்பளம் 6,000 டாலர். சிறிது நேரமே வந்து போன வார்னர் ஓலண்டுக்கு 12,000. அடுத்து வந்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) அவருடைய மிகச் சிறந்த படம். மார்லீன் டீட்ரிச் பேசிக் கவர்கிற இடத்தில், வாங் பேசாமலே தன் பக்கம் பார்வையைத் திருப்புகிறார். அதில் அவர் பாத்திரம் உயிரோடு மிஞ்சுகிறது.

பெரிய அடி 'தி குட் எர்த்' படத்தில் விழுந்தது. பெர்ல் பக்கின் நாவல் சீன உழவர் குடும்பத்தின் கதை. அதன் நாயகி ஓ-லான் வேடத்துக்கு வாங்கைவிடப் பொருத்தமானவர் ஹாலிவுட்டில் இல்லை. எம்ஜிஎம் அந்த வேடத்தை ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனருக்குத் தந்தது. அவர் அதற்கு ஆஸ்கர் பெற்றார். கணவனாக நடித்தவர் பால் முனி, வெள்ளையர். குடும்பத்தைக் கெடுக்கும் லோட்டஸ் வேடத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது வாங் மறுத்தார். ஒரு கலைஞருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

1936இல் சீனா சென்று மூதாதையர் ஊரைக் கண்டார். திரும்பிய பின் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' (1937) படத்தில் கொரிய வம்சாவளியினரான ஃபிலிப் ஆனுடன் நடித்தார். இருவரும் ஆசியர் என்பதால் கதை நல்லபடியாக முடிய முடிந்தது. போர்க்காலத்தில் சீன நிவாரணத்துக்காக உழைத்தார். அதன் பின் வாய்ப்புகள் அருகின.

1951இல் டூமாண்ட் தொலைக்காட்சி 'தி கேலரி ஆஃப் மேடம் லியு-சாங்' தொடரை ஒளிபரப்பியது. ஆசிய அமெரிக்கர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட முதல் அமெரிக்கத் தொடர் அதுதான். துப்புத் துலக்கும் கலைக்கூட உரிமையாளருக்கு அவருடைய இயற்பெயரே சூட்டப்பட்டது. தொடர் அதே ஆண்டில் நின்றது. 1940இல் 'தி லெட்டர்' படத்தை இயக்கிய வில்லியம் வைலர், அதன் ஆசியப் பெண் வேடத்தில் கேல் சோண்டர்கார்டை நடிக்க வைத்திருந்தார். 1956இல் தொலைக்காட்சிக்காக அதே கதையை எடுத்தபோது வாங்கை அழைத்தார்.

'ஃபிளவர் டிரம் சாங்' படத்தில் நடிக்கவிருந்த நிலையில், 1961 பிப்ரவரி 3 அன்று சாண்டா மோனிகாவில் மாரடைப்பால் காலமானார். வயது 56. 2022இல் அமெரிக்க அரசு கால் டாலர் நாணயத்தில் அவர் உருவத்தைப் பொறித்தது.

லியு-சாங் தொடரின் ஒரு பிரதிகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. 'தி டோல் ஆஃப் தி ஸீ' பிழைத்திருக்கிறது. தொலைந்துபோன கடைசிக் கடற்காட்சியைப் பழைய டெக்னிகலர் கேமராவாலேயே மறுபடி எடுத்துச் சேர்த்து 1985இல் மீட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் படம். குழந்தையை ஒப்படைக்கும் கட்டத்தில் அந்தப் பதினேழு வயது முகத்தை ஒருமுறையாவது பாருங்கள்.