காவலர் நிற்கும் இடம்

வேலூர் வட்டாரத்தின் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி டேனரிகளில் ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைத் தொட்டிகள்தான் இருந்தன. பிறகு குரோம் வந்தது. டிரம்மிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வெளிர்நீலமாக வரும் தோலுக்கு ‘வெட் புளூ’ என்றே பெயர்.

பதனிடும் உப்பில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அது செல்லுக்குள் எளிதில் புகாது. ஆறு இணைதிறன் குரோமியம்தான் ஆபத்து. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுப்போன, லட்சம் டன்னைத் தாண்டிய கழிவில் இருந்தது அதுவே. சல்ஃபேட்டின் சாயல் இருப்பதால் செல் ஏமாந்து உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போய் உருமாறும்போது டிஎன்ஏவைச் சிதைக்கிறது. அப்போது விழித்தெழும் புரதங்களில் முதன்மையானது பி53.

இதைப்போல் வீண்பழி சுமந்த புரதம் வேறு உண்டா என்று தெரியவில்லை. 1979இல் டேவிட் லேன், ஆர்னால்ட் லெவின் உள்ளிட்டோர் தனித்தனியே கண்டறிந்தபோது புற்றைத் தூண்டுவதாகவே எண்ணினார்கள். ஆய்வகங்களில் புழங்கிய மரபணு நகல்களே பழுதானவை என்பது பத்தாண்டு கழித்துத்தான் தெளிவானது. 1989இல் பெர்ட் வோகல்ஸ்டீன் குழு, பெருங்குடல் கட்டிகளில் இந்த மரபணு தொலைந்தும் பழுதுபட்டும் கிடப்பதைக் காட்டியது. 1992இல் லேன் அதை ‘மரபணுத் தொகுதியின் காவலர்’ என்றார்.

அதே ஆண்டு ஊட்டே மோல் கண்டது என்னை இன்றும் உலுக்குகிறது. சில மார்பகக் கட்டிகளில் பி53 எந்தப் பழுதும் இல்லாமல் இருந்தது. ஆனால் உட்கருவுக்குள் போகாமல் சைட்டோபிளாசத்திலேயே முடங்கிக் கிடந்தது. உட்கருவில் இருந்தால்தான் அது டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு, பி21 மரபணுவை முடுக்கி, செல் பிரிவதை நிறுத்தி, பழுதுபார்க்க அவகாசம் வாங்கித்தர முடியும். எம்டிஎம்2 என்ற புரதம் அதை வெளியேற்றி அழிவுக்கு அனுப்பி, அளவை அடக்கி வைக்கிறது.

சேதம் சரிசெய்ய முடியாததாக இருந்தால்? 2003இல் மோல் குழுவே அதற்கும் ஒரு விடை சொன்னது. பி53 மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், அங்கே செல்லைச் சாகவிடாமல் தடுக்கும் பிசிஎல்-2 வகைப் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. சவ்வு துளைபட்டு சைட்டோகுரோம் சி கசிகிறது, செல் மடிகிறது. இதற்கு எந்த மரபணுவையும் முடுக்க வேண்டியதில்லை.

இத்தனை காவலையும் மீறிப் புற்று வருகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் ஆறு இணைதிறன் குரோமியத்தை மனிதருக்குப் புற்று தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. செல்லுக்கு வெளியேயும் காவல் தேவைப்பட்டது: 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றைக் கெடுத்த டேனரிகள் மீதான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், தீங்கு வருமுன் தடுக்கும் கோட்பாட்டை நாட்டின் சட்டமாகவே உச்ச நீதிமன்றம் ஏற்றது.