படைக்கலச் சட்டமும் நம் வீட்டுச் சிறாரும்

பாடி என்னுஞ் சொல் நகரையும், முல்லை நிலத்தூரையும், படை தங்கும் பாசறையையும் உணர்த்தும் என்பர் நிகண்டு வல்லோர். நம் ஊர்ப்பெயர் இவற்றுள் எப்பொருள் பற்றி எழுந்தது என்பது வேறோர் ஆராய்ச்சி. ஆயினும், பாசறை என்னும் பொருளை நினையுந்தோறும், படைக்கலம் ஏந்தும் உரிமை நம் நாட்டார் கையினின்று நீங்கிய வரலாறு எம் உள்ளத்து எழுகின்றது. அதனை இப்போது எழுதப் புகுந்தமைக்குக் காரணமும் உண்டு. மெய்த்துப்பாக்கியின் வடிவாகவே அமைந்து, காற்றின் விசையாற் சிறு குண்டுகளை எறியுங் கருவிகளை நம் சங்கத்தார் வீட்டுச் சிறார் விரும்புகின்றனர். பெற்றோரும் அவை வெறும் விளையாட்டுப் பொருள்களே என்றெண்ணி வாங்கித் தருகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று என்பதே யாம் ஈண்டுக் கூறவந்தது.

தென்னாட்டுப் பாளையக்காரர் போர் முடிவெய்திய 1801-ஆம் ஆண்டில், மருது சகோதரர் அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பெற்றனர். அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிக்கை, பாளையங்களிற் படைக்கலம் தாங்குதலை விலக்கிற்று, கோட்டைகளும் இடிக்கப்பெற்றன. பின்னர் 1878-ஆம் ஆண்டு, லிட்டன் பிரபு காலத்தில், இந்தியப் படைக்கலச் சட்டம் பிறந்தது. இந்தியர் லைசென்சு என்னும் உரிமச்சீட்டின்றித் துப்பாக்கி வைத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியரோ அவ்விதியினின்றும் விலக்குப் பெற்றிருந்தனர். துப்பாக்கி இல்லாமையினும் இவ்வேற்றுமையே நம் முன்னோரைப் பெரிதும் புண்படுத்தியது.

1887-ஆம் ஆண்டு சென்னை ஆயிரம் விளக்கில், பத்ருதீன் தயாப்ஜியார் தலைமையிற் கூடிய காங்கிரசு மகாசபை, அச்சட்டத்தைத் திருத்தவேண்டுமென்று தீர்மானித்தது. அதுபற்றி ஆண்டு முழங்கியவருள் விபின் சந்திர பாலர் ஒருவர். 1931-ஆம் ஆண்டுக் கராச்சி மகாசபையோ, விதிகளுக்குட்பட்டுப் படைக்கலம் வைத்துக்கொள்ளுதலைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவே எண்ணிற்று. ஆயின், நாடு விடுதலை பெற்றபின் 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் காமத் என்பார் அவ்வுரிமையைச் சேர்க்க வேண்டியபோது, டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்றிலர். குடிமக்கள் யாவர்க்கும் என விதிப்பின், குற்றமே தொழிலாகக் கொண்டார்க்கும் அவ்வுரிமை சென்றடையும் என்பது அவர் கருத்து. சபையும் அவர் வழியே நின்றது.

அக்கருத்தின் வழிவந்ததே 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம். அது 1962 அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்று வழங்கும் விதிகள் 2016-ஆம் ஆண்டின. அவற்றின்படி, குழலின் துளை 0.177 அங்குலம், அஃதாவது 4.5 மில்லிமீட்டர் மிகாமலும், குண்டு வெளிப்படும் விசை 20 ஜூல் மிகாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டா. இவ்விரண்டனுள் ஒன்று மிகினும் உரிமம் வேண்டும்.

ஏர்சாப்ட்டு என வழங்குவது 1970-களில் ஜப்பான் தேசத்தில் தோன்றியது. மெய்த்துப்பாக்கி வைத்தற்கு அந்நாட்டிற் கடுந்தடை இருந்தமையின், அதனைப் போன்ற வடிவங்களில் மக்கள் விருப்பம் சென்றது. அதன் நெகிழிக் குண்டு பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் அளவினது. 4.5 எங்கே, 6 எங்கே! ஆதலின், "உரிமம் வேண்டா" என்று விற்போர் கூறும் சொல்லை மட்டும் நம்பி வாங்குதல் அறிவுடைமையன்று. உரிமம் வழங்கும் அலுவலகத்தை முன்னரே வினவித் தெளிதல் வேண்டும். நம் பக்கத்து ஆவடியில் 2022-ஆம் ஆண்டு முதற் காவல் ஆணையரகம் உளது.

குண்டு எறியாத போலித் துப்பாக்கியையும் சட்டம் மறந்திலது. போலியை மெய்த்துப்பாக்கியாக உரிமமின்றி மாற்றுதலை 6-ஆம் பிரிவு தடுக்கின்றது. தம்மை முறைப்படி பிடிக்க வருவாரைத் தடுத்தற்குப் போலித் துப்பாக்கியைக் காட்டினும் ஏழாண்டு வரை சிறையென்கின்றது 28-ஆம் பிரிவு. இருளில் அதனைக் காணும் காவலர்க்கு அது போலியென எங்ஙனம் புலனாகும்?

பறவைகளைக் குறிவைத்தலோ பிறிதொரு குற்றம். கிளி, மைனா, குயில் முதலியவற்றை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. ஞானசம்பந்தப் பெருமான் பாடிய திருவலிதாயம் நம் பாடியே. பரத்துவாச முனிவர் வலியன் என்னும் கருங்குருவி வடிவில் ஈண்டு இறைவனை வழிபட்டார் என்பது தலவரலாறு. அத்தகைய ஊரிற் பிறந்தார் குருவியை வீழ்த்துதல் எவ்வாற்றானும் தகாது.

குறிபார்க்குங் கலையை யாம் இகழ்ந்தேமல்லேம். 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங்கு ஒலிம்பிக்கிற் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் அபினவ் பிந்திரா பொற்பதக்கம் பெற்றனர். அப்போட்டித் துப்பாக்கியின் துளையும் 4.5 மில்லிமீட்டரே. விருப்பமுள்ள சிறாரை ஆசிரியர் மேற்பார்வையுள்ள பயிற்சிக் கழகத்திற் சேர்மின், தெருவில் விடன்மின். திருமண ஊர்வலங்களிலும் விழாக்களிலும் துப்பாக்கி வடிவங்களை ஏந்தி நிற்றலை நம் இளைஞர் பெருமையெனக் கொள்ளற்க.

உரிமம் வேண்டாமை வேறு, சட்டம் இல்லாமை வேறு. நம் முன்னோர் வேண்டியது வேற்றுமையற்ற சட்டத்தையே. அது கிடைத்த பின்னர் அதனைப் பேணுதல் நம் கடன். வலிதாயத்து இறைவன் திருவருள் முன்னிற்க.