ராவணன் கோட்டையில் ஒரு விளக்கு

எங்க குமரிமுனையைத் தாண்டுற பெரிய கப்பல், நேரா சென்னைக்குப் போகாம இலங்கையையும் ஏன் சுத்துது? ராமர் பாலத்துக்கிட்ட ஆழம் பத்தாது, அதான்.

அந்த வழியில, இலங்கையின் தென்கிழக்கே கிரிந்த கரையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள்ள ஒரு பாறைத்திட்டு இருக்கு. வெள்ளைக்காரனுக்கு கிரேட் பாசஸ். சிங்களத்துல மகா ராவணா கோட்டுவ, பெரிய ராவணன் கோட்டை! 1961-ல மைக் வில்சன் குழு இங்கே கடலடியில வெள்ளிக்காசுகளைக் கண்டெடுத்தது. எல்லாம் ஔரங்கசீப் காலத்து சூரத் காசு. சூரத்திலிருந்து கிளம்பின சரக்கு, நம்ம முனையைத் தாண்டிப் போய் அங்கே மூழ்கியிருக்கு.

விளக்கு கட்ட முதல் முயற்சி 1850-களில். அலெக்சாண்டர் கார்டன் போட்ட இரும்புக் கோபுரத் திட்டம். 40,000 பவுண்டு காலி. பாறை மேல ஒரு கல்கூட ஏறலை. (ஐடி மக்களே, எங்கேயோ கேட்ட கதையா இருக்கா?)

அடுத்து வந்தவர் ஜேம்ஸ் டக்ளஸ். ஸ்காட்லாந்துல டால்பீட்டி கருங்கல்லை, ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கிற மாதிரி செதுக்கி கப்பல்ல அனுப்பினாங்க. களத்துல வேலையை நடத்தினவர் அவர் தம்பி வில்லியம். தென்மேற்குப் பருவக்காத்து வீசினா பாறையில கால் வைக்க முடியாது. ஆனி, ஆடியில முட்டம் கடலைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டாம். அதனால பாறையில செய்யுற வேலையை முடிஞ்ச மட்டும் குறைச்சு, மிச்சத்தைக் கரையிலேயே முடிச்சதுதான் சூட்சுமம்.

1873 மார்ச் 10, விளக்கு எரிஞ்சுது. 37 மீட்டர் உயரம். பக்கத்துச் சின்ன பாசஸ் திட்டுக்கும் 1878-ல ஒண்ணு வந்தாச்சு.

2004 சுனாமி வந்தப்பவும் பெரிய ராவணன் கோட்டை விழலை.