ஆட்சி எல்லையும் நிறுவன உருவாக்கமும்: திருச்சிராப்பள்ளியின் முதல் ஆயர் அலெக்சிஸ் கனோஸ் (1805–1888)

முன்னுரை

திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் அலெக்சிஸ் கனோஸ், பிரான்சில் பிறந்த இயேசு சபைத் துறவி. 1847இல் ஆயர்நிலை பெற்று, 1888இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். இந்த நாற்பத்தோர் ஆண்டுகளில் ஆட்சியுரிமைப் பூசல் தீரவில்லை. நிலைத்த நிறுவனங்களோ அக்காலத்திலேயே உருவாயின. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரட்டை ஆட்சியுரிமை

1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரையில் தொடங்கிய பணித்தளம், 1773இல் இயேசு சபை தடைசெய்யப்பட்டதால் நலிவுற்றது. 1814இல் சபை மீண்டும் நிறுவப்பட்டபின், பிரெஞ்சுத் துறவியர் 1830களின் இறுதியில் இங்கு வந்தனர். இடைப்பட்ட காலத்தில் பல கோயில்கள் கோவாக் குருக்களின் பொறுப்பில் இருந்தன. போர்ச்சுகீசிய அரசின் பதுரவாதோ உரிமையை வரையறுத்த 1838ஆம் ஆண்டுத் திருத்தந்தை ஆணையை அவர்கள் ஏற்கவில்லை. ஊர்கள் இரு கட்சிகளாயின. கோயிலுரிமை நீதிமன்ற வழக்காயிற்று. எனவே, மதுரைப் பணித்தளத்தின் அப்போஸ்தலிக்க விக்காராகக் கனோஸ் பெற்ற ஆட்சி எல்லை, ஆணையில் முழுமையாகவும் நடைமுறையில் பிளவுபட்டும் இருந்தது. 1857ஆம் ஆண்டு உடன்படிக்கையும் பூசலை முடிக்கவில்லை.

நிறுவனங்களின் எழுச்சி

பழைய கோயில்களைப் போல முன்னுரிமை கோரப்படாத களம் புதிய நிறுவனங்களே. 1844இல் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரி தொடங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் 1854இல் வியாகுல அன்னை சபையும், 1858இல் புனித அன்னாள் சபையும் தோன்றின. பின்னது அன்னம்மாள் என்னும் கைம்பெண்ணை முன்னோடியாகக் கொண்டது. மறுமணம் மறுக்கப்பட்ட கைம்பெண்களுக்குத் துறவு வாழ்வையும் சமூகப் பணியையும் அது திறந்துவிட்டது. இவற்றை ஆயரின் தனிச் சாதனைகளாகக் கொள்வது பொருந்தாது. குருக்களும் உள்ளூர்ப் பெண்களும் தொடங்கியவற்றுக்குத் திருச்சபை ஏற்பும் தொடர்ச்சியும் கிடைத்த சூழலே அவருடைய ஆட்சிக்காலத்தின் பங்களிப்பு எனக் கருதலாம்.

கடற்கரையிலிருந்து நகருக்கு

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை, துவாக்குடியை அடுத்த திருவெறும்பூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு வந்த இருப்புப்பாதை 1862இல் நிறைவுற்றது. 1883இல் கல்லூரியும் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவில் முறையான மறையாட்சி அமைப்பை நிறுவினார். அதையடுத்துப் பழைய பணித்தளப் பெயரான 'மதுரை' நீங்கி, 'திருச்சிராப்பள்ளி' மறைமாவட்டப் பெயராயிற்று. ஆயரகமும் கல்லூரியும் ஒரே நகரில் அமைந்ததை இப்பெயர் மாற்றத்தோடு இணைத்துக் காண வேண்டும்.

முடிவுரை

1886ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரும் சில பங்குகள் மயிலை மறைமாவட்டத்தின்கீழ் நீடித்தன. இரட்டை ஆட்சியுரிமை முடிவுக்கு வர 1928ஆம் ஆண்டு உடன்படிக்கை தேவைப்பட்டது. ஆக, கனோஸ் தம் வாழ்நாளில் ஒன்றுபட்ட ஆட்சி எல்லையைக் காணவில்லை. ஆயினும் கல்வியும் பெண்கள் துறவு சபைகளும் அப்பூசலைக் கடந்து நிலைத்தன. ஆயர்களின் வரலாற்றை ஆணைகளையும் வழக்குகளையும் மட்டும் கொண்டு எழுதினால், அன்னம்மாள் போன்றோரின் பங்கு மறைந்துவிடும். நிறுவன வரலாற்றையும் இணைத்து வாசிக்கும்போதே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத் திருச்சபையின் உருவாக்கம் தெளிவுறும்.