முத்துராஜவெல சதுப்புநிலமும் அதன் வரலாறும் – ஒரு நோக்கு

இலங்கை வரலாற்றை ஆராய்ந்தோர் குளங்களையும் கால்வாய்களையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். வறண்ட வலயத்து நீர்ப்பாசன நாகரிகம் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் கரையோரச் சதுப்புநிலங்கள் பெற்றில. நெல் விளையாத நிலத்துக்கு வரலாறும் இல்லை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் எனலாம். இவ்வெண்ணம் ஆய்வாளரிடம் மட்டுமன்றி ஆட்சியாளரிடமும் நிலவி வந்துள்ளது. கொழும்புக்கு வடக்கே, களனி கங்கையின் முகத்துவாரத்துக்கும் நீர்கொழும்புக் கடனீரேரிக்கும் இடையே கிடக்கும் முத்துராஜவெலவை எடுத்துக்கொண்டு, அவ்வெண்ணம் ஒரு நிலப்பகுதியின் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

முத்துராஜவெல ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் பரப்புடைய சதுப்புநிலம். அதன் வடக்கே ஏறக்குறைய அதே பரப்புள்ள கடனீரேரி அமைந்துள்ளது. இவ்விரண்டும் தனித்தனி நிலங்கள் அல்ல. ஒரே நீர்த்தொகுதியின் இரு பாதிகளே எனக் கொள்ளல் வேண்டும். அத்தனகலு ஓயாவின் கீழ்ப்பகுதியாகிய தண்டுகம் ஓயாவும் ஜா-எலவும் கிழக்கிலிருந்து நன்னீரைக் கொணர்கின்றன. நீர்கொழும்பின் ஒடுங்கிய கடல்வாயிலினூடாக உவர்நீர் வற்றுப்பெருக்குடன் உட்புகுகின்றது. மேற்கே ஒரு மணல்மேடு இச்சதுப்பைக் கடலினின்றும் பிரிக்கின்றது. அம்மேட்டில் தென்னந்தோப்புகளும், பமுனுகம முதலிய மீனவர் ஊர்களும், கத்தோலிக்க ஆலயங்களும் வரிசையாகக் காணப்படுகின்றன.

இச்சதுப்பு உருவாகி ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் ஆயின என மதிப்பிடப்பட்டுள்ளது. மடிந்த செடிகொடிகள் நீரில் முழுமையாக உக்காது படிந்தமையால் இங்கு முற்றா நிலக்கரிப் படை உண்டாயிற்று. இம்மண்ணின் இயல்பு ஒன்றை நாம் சிறப்பாக மனத்திற் கொள்ளவேண்டும். நீரில் மூழ்கியிருக்கும்வரை இதனால் தீங்கில்லை. நீரை வடித்துக் காற்றுப் படவிடின், அதிலுள்ள கந்தகச் சேர்வைகள் அமிலமாக மாறிப் பயிரை வாட்டும். நிலமும் தாழ்ந்து செல்லும். பின்னர் நாம் கூறவிருக்கும் தோல்விகளுக்கு மனிதரின் திறமைக்குறைவு மட்டும் காரணமன்று. மண்ணின் இயல்பும் காரணமாகும்.

படகிற் செல்வோர் இந்நிலத்தின் வேறுபட்ட தோற்றங்களை எளிதிற் காணலாம். ஏரிக்கு அண்மையில் கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. தெற்கே செல்லச் செல்லக் கோரையும் சம்பும் நாணலும் மிகுகின்றன. செந்நாரையும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் நீலத் தாழைக்கோழியும் இங்கு வாழ்கின்றன. உவர்நீர் முதலை, மீன்பிடிப் பூனை, தேவாங்கு ஆகியனவும் இதனை உறைவிடமாகக் கொண்டுள்ளன. கொழும்பு மாநகருக்கு இத்துணை அண்மையில் இவை வாழ்வது வியத்தற்குரியது.

பெயரும் மரபுரையும்

சிங்களத்தில் ‘வெல’ என்பது வயலைக் குறிக்கும். எனவே முத்துராஜவெல என்ற பெயரே இங்கு நெல் விளைந்ததென்ற நினைவைத் தாங்கி நிற்கின்றது. இது கோட்டை அரசர்க்குரிய செழிப்பான வயலாக இருந்ததென மரபுரை கூறும். எட்டாம் பராக்கிரமபாகு (1477–1489) உள்நாட்டுப் பாக்கு, மிளகு, கறுவா முதலியவற்றை நீர்கொழும்புத் துறைக்குக் கொண்டுசெல்லக் கால்வாய்கள் வெட்டுவித்தான் என்றும், காலப்போக்கில் அத்தகைய நீர்வழிகளினூடாக உவர்நீர் புகுந்து வயல்கள் கெட்டன என்றும் சொல்வர். மரபுரையை வரலாறாகவே கொள்ளல் பொருந்தாது. எனினும், வணிகத்துக்காக வெட்டிய வழி வேளாண்மையைக் கெடுத்தது என்னும் செய்தியை மக்கள் தம் நினைவிற் பேணி வந்துள்ளமை கருதத்தக்கது.

ஊர்ப்பெயர்களும் நமக்குச் சான்று பகர்கின்றன. ‘எல’ என்பது கால்வாய். ‘ஜா’ என்பது சிங்களத்தில் மலாயரைக் குறிக்கும். ஆகவே ஜா-எல என்பது மலாயர் கால்வாய் எனப் பொருள்படும். அந்நியர் ஆட்சியில் இப்பகுதியின் நீர்வழிகளில் யாருடைய உழைப்பு ஈடுபடுத்தப்பட்டது என்பதை இப்பெயர் உணர்த்துகின்றது.

ஒல்லாந்தரும் பிரித்தானியரும்

போர்த்துக்கேயரிடமிருந்து நீர்கொழும்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1640 இற் கைப்பற்றி, அவ்வாண்டிலேயே இழந்து, 1644 இல் மீண்டும் பெற்றனர். அவர்களை இங்கு ஈர்த்தது கறுவாவே. ஆயினும் கறுவாவை உரிப்போருக்கும், கோட்டைகளைக் காக்கும் படைவீரருக்கும் சோறு வேண்டும். அதற்குரிய அரிசி சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பலில் வந்தது. வெளிநாட்டு அரிசியை நம்பியிருத்தல் அவ்வாட்சிக்குத் தீராக் கவலையாயிற்று. கொழும்பின் வாயிலிலேயே கிடந்த பரந்த சதுப்பை வயலாக்க வேண்டுமென்ற விருப்பம் இக்கவலையிலிருந்தே பிறந்தது. ஒல்லாந்தர் அணைகளும் மதகுகளும் அமைத்து உவர்நீரைத் தடுக்க முயன்றனர். கால்வாய் அமைப்பில் உலகப் புகழ்பெற்ற அவர்களாலும் இங்கு நிலையான வெற்றி பெற இயலவில்லை. அவர்கள் அமைத்த கால்வாய்கள் போக்குவரத்துக்குப் பயன்பட்டன, நெல்லுக்குப் பயன்படவில்லை.

1796 இல் இக்கரையோரம் பிரித்தானியர் வசமாயிற்று. 1802 முதல் 1804 வரையில் கெவின் ஹமில்ரன் என்ற அதிகாரி களனி கங்கையின் முகத்துவாரப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர் நீளமான கால்வாயொன்றை வெட்டுவித்தார். சதுப்பிலுள்ள உவர்நீரை வடித்து நெல் விளைவிப்பதே அதன் நோக்கம். விளைவோ நேர்மாறாயிற்று. இரு முனையும் வற்றுப்பெருக்குக்குத் திறந்திருந்தமையால், நீரை வெளியேற்ற வெட்டிய வழியே கடல்நீர் உட்புகும் வழியாயிற்று. அக்கால்வாய் ஹமில்ரன் கால்வாய் என்ற பெயருடன் இன்றும் உள்ளது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய படகுகள் அதிற் செல்கின்றன. தோற்றுப்போன ஒரு வேளாண்மைத் திட்டமே இன்று அப்பகுதியின் இயற்கை எழிலைக் காண்போர்க்கு வழியாக அமைந்துள்ளது.

ஏரித்தொழிலும் உரிமையும்

அரசுகள் உவரையும் நன்னீரையும் பிரிக்க முயன்ற அதே காலத்தில், அவற்றின் கலப்பையே மூலதனமாகக் கொண்டு மீனவர் வாழ்ந்தனர். இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து கண்டல் வேர்களிடையே வளர்ந்து, பின்னர் கடலுக்கு மீளும். அவ்வாறு மீளும் வேளையில், இரவில் நீர் வற்றும்போது, ஏரி வாயிலிலுள்ள ஓடைகளில் கழிகள் நாட்டி வலை கட்டிப் பிடிப்பர். இதனைச் சிங்களத்தில் ‘கட்டுதெல்’ என்பர்; ‘தெல்’ என்பது வலை. தமிழிற் கட்டுவலை எனலாம்.

கட்டுவலை நாட்டத்தக்க இடங்கள் சிலவே. அவற்றின் உரிமை நான்கு மீனவர் சங்கங்களுக்கு உரியது. உறுப்புரிமை பரம்பரையாக வருவது; கத்தோலிக்க சமூக ஒழுங்குடனும் பிணைந்தது. யார் எவ்விடத்தில் எந்நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பர். எனவே நல்ல இடம் ஒருவருக்கே நிலைபெறுவதில்லை. 1958 இல் வெளியிடப்பட்ட ஒழுங்குவிதிகள் இவ்வழமைக்குச் சட்ட ஏற்பு அளித்தன. ஏரியின் பிற பகுதிகளிற் கண்டற் கிளைகளைக் குவியலாக நாட்டி, அவற்றில் அடையும் மீனைப் பிடிக்கும் முறையும் உண்டு. அதற்கு வேண்டிய கிளைக்காக மீனவர் தாமே கண்டலை நட்டு வளர்த்தனர். பொதுச்சொத்தை எவரும் பேணார் என்னும் கூற்றுக்கு இவ்வழமைகள் தக்க மறுப்பாகும்.

இக்கரையோர மீனவரிற் சிலரது வீட்டுமொழி தமிழ். நெடுங்காலமாகச் சிங்களத்துடன் கலந்து தனித்தன்மை பெற்ற இவ்வழக்கை மொழியியலாளர் நீர்கொழும்பு மீனவர் தமிழ் எனப் பெயரிட்டு ஆராய்ந்துள்ளனர். நீரைப் போன்றே மொழியும் இங்கு கலந்து வாழ்ந்துள்ளது.

உணவு கூறும் வரலாறு

ஒரு நிலத்தின் பொருளாதாரத்தை அறிய அங்குள்ள அடுக்களையும் ஒரு சான்றாகும். ஏரி இறாலும் நண்டும் தேங்காய்ப்பாலிற் கறியாகின்றன. சதுப்பின் ஓரங்களில் வளரும் கொகிலத் தண்டு கறிக்கும், அதன் இளந்தளிர் சுண்டலுக்கும் உதவுகின்றன. கங்குன் கீரையும் அவ்வாறே. நீர்கொழும்பு மணற்பரப்பில் மீனைப் பிளந்து உப்பிட்டுப் பாய்களில் உலர்த்திக் கருவாடாக்குவர். மீன் மலிந்த நாளில் உப்பையும் கொறுக்காயையும் அடுக்கடுக்காக இட்டு மீனைச் சாடியில் அடைத்து வைப்பர். கடலுக்குச் செல்ல இயலாத மாதங்களுக்கு அதுவே கைகொடுக்கும். மணல்மேட்டுத் தென்னை தேங்காயையும் கள்ளையும் தருகின்றது.

இவ்வுணவை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. உண்கலத்திலுள்ள கறிகளிற் பெரும்பாலானவற்றை ஏரியும் சதுப்பும் மணல்மேடும் வழங்குகின்றன. சோற்றுக்குரிய அரிசியே பெரிதும் வெளியிலிருந்து வருகின்றது. ஆட்சியாளர் எதனை இந்நிலத்திடம் வற்புறுத்திக் கேட்டனரோ அதனை அது கொடுக்கவில்லை. கேளாதவற்றையெல்லாம் கொடுத்து வந்துள்ளது.

அண்மைக்கால மாற்றங்கள்

1991 இல் வரையப்பட்ட பெருந்திட்டம் வடபகுதியைப் பாதுகாப்புக்கும் தென்பகுதியை நகர வளர்ச்சிக்கும் ஒதுக்கியது. 1996 இல் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தெற்கே கெரவலப்பிட்டியில் 1990களில் கடல்மணல் கொண்டு சதுப்பு நிரப்பப்பட்டது. பின்னர் மின்நிலையம் எழுந்தது. 2013 இல் திறக்கப்பட்ட கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதை சதுப்பினூடே செல்கின்றது. 2017 ஏப்பிரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து பல உயிர்களைப் பலிகொண்டபின், நகரின் குப்பையும் இத்திசை நோக்கித் திரும்பியது.

நெல் விளையாமையாற் பயனற்றதெனப்பட்ட நிலம், இப்போது கட்டடம் இல்லாமையாற் பயனற்றதெனப்படுகின்றது. அளவுகோல் மாறியதேயன்றி நோக்கு மாறவில்லை. உண்மையில் இச்சதுப்பு ஏறத்தாழ 110 இலட்சம் கனமீற்றர் வெள்ளநீரைத் தேக்கி, பத்து நாட்களுக்கு மேலாகச் சிறிது சிறிதாகக் கடலுக்கு விடும் ஆற்றலுடையதெனக் கணிக்கப்பட்டுள்ளது. 2003 இல் வெளியான பொருளியல் மதிப்பீடொன்று இதன் ஆண்டுப் பயனை 72 கோடி ரூபாவுக்கு மேலெனக் கணித்து, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தடுப்பால் வருவதெனக் காட்டியது. 1947 இலும் 2016 இலும் களனிப் பள்ளத்தாக்கு கண்ட பெருவெள்ளங்களை நினைப்போர், நீருக்குரிய இடத்தை நாம் எடுத்துக்கொண்டால் அது நமது இடத்தைத் தேடி வரும் என்பதை எளிதில் உணர்வர். அவ்வாறு வரும் வெள்ளத்தால் முதலில் வீடிழப்போர் தாழ்நிலத்தில் வாழும் ஏழை மக்களே.

முடிவாக, முத்துராஜவெலவின் வரலாற்றில் ஆவணங்களிற் பெரிதும் பேசப்படுவது தோற்றுப்போன திட்டங்களே. தோல்வியுறாது நீடித்த கட்டுவலை வழமையும், கண்டல் வளர்ப்பும், சாடி மீனும், கலந்த மொழியும் ஆவணத்தில் அரிதாகவே இடம்பெறுகின்றன. மூத்த மீனவரிடமிருந்து அச்சொற்களையும் வழமைகளையும் தொகுத்தல் நம் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். புத்தளம், மன்னார், மட்டக்களப்பு ஏரிகளையும் இந்நோக்கில் ஆராயின், நெல்லை மட்டும் அளவுகோலாகக் கொண்ட நமது வரலாற்றுப் பார்வை விரிவுபெறும். சதுப்பைப் பயனற்றதென்று தீர்ப்பளிக்கும் முன்னர், அது யாருக்குப் பயன்பட்டது என்ற வினாவை எழுப்புதல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.